மோட்டார்கள் நடத்தும் கச்சேரி

தரையில் ஒரு பொத்தான். காலால் ஒரு மிதி. எதிரே கறுப்பும் துருவுமாக நின்றிருந்த இரும்புக் கூட்டம் உடம்பை உதறிக்கொண்டு கிளம்புகிறது. பெல்ட் ஓடுகிறது, சக்கரம் சுழல்கிறது, எங்கோ ஒரு சுத்தியல் 'டங்' என்று தகரத்தில் விழுகிறது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றுவிடும். உடனே இன்னொரு மிதி மிதித்தால்? ஊஹூம். அது ஓய்வில் இருக்கிறது. காத்திருக்கத்தான் வேண்டும்.

இடம், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். ரைன் நதியை ஒட்டிய பூங்காவில், 1996-ல் திறக்கப்பட்ட டிங்கெலி அருங்காட்சியகம். கட்டட வடிவமைப்பு மரியோ போட்டா. நதியைப் பார்த்தபடி நீளும் கண்ணாடி நடைபாதையில் நடந்தாலே பாதி களைப்பு போய்விடும்.

ழான் டிங்கெலி (1925-1991) பாசலில் வளர்ந்தவர். கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் தொழிலைக் கற்றவர். பிறகு காயலான் கடைச் சாமான்களில் மோட்டாரைப் பொருத்தி ஆடவிட ஆரம்பித்தார். ஆடினால் சத்தம் வருமே! அந்தச் சத்தத்தையே அவர் பிடித்துக்கொண்டார். 1950-களிலேயே டப்பா, பானை, புனல் எல்லாம் அவருக்கு வாத்தியங்கள்.

1978-ல் இருந்து அவர் செய்த 'மெட்டா-ஹார்மனி' வரிசைதான் இதில் உச்சம். 1979-ல் உருவான இரண்டாவது இயந்திரத்தைப் பார்த்தால் ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் இரும்புச் சட்டத்தில் மாட்டித் தூக்கி நிறுத்தியதுபோல இருக்கும். பெரிய பெரிய சக்கரங்கள், பியானோ, தாள வாத்தியங்கள், பொம்மைகள், தட்டுமுட்டுச் சாமான்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு அளவு. சுற்றும் வேகமும் வேறு வேறு. பெல்ட் கொஞ்சம் வழுக்கும். அதனால் இப்போது சேர்ந்து விழுந்த இரண்டு அடிகள் அடுத்த சுற்றில் சேர்ந்து விழாது. இதை இசை என்று சொல்லிக்கொள்ளாமல் 'ஒலி கலக்கும் இயந்திரம்' என்றே அழைத்தார் டிங்கெலி.

நம்ம ஊர்க் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்ச் போட்டதும் முழங்கும் மின்சார மேளம் இருக்கிறதே, அதற்கு இது தூரத்து உறவு. ஒரே வித்தியாசம், நம்ம மேளம் தாளம் தப்பாது. இது தாளம் தப்புவதற்கென்றே பிறந்தது!

அருங்காட்சியகத்துக்கு இதில்தான் தலைவலி. ஓவியம் என்றால் சுவரில் மாட்டிப் பாதுகாக்கலாம். இந்த இயந்திரம் ஓடினால் தேயும். அச்சு தேயும், பெல்ட் அறும், அடி வாங்கும் பொருள் நசுங்கும். சரி, ஓட்டாமலே வைக்கலாம் என்றால் அது வெறும் பழைய இரும்பு. புது மோட்டார் போடலாமா? வேகம் மாறிவிடும். வேகம் மாறினால் சத்தமும் மாறும். அப்புறம் அது டிங்கெலி செய்ததுதானா என்ற கேள்வி வரும். அதனால்தான் பொத்தானுக்குப் பின் கட்டாய ஓய்வு. பெரிய இயந்திரங்களுக்கு ஓடும் நேரமே தனி. என்னைக் கேட்டால், தேய்ந்தாலும் பரவாயில்லை, ஓடட்டும் என்பேன். பத்து நிமிடம் காத்திருந்து கேட்ட அந்த 'கடகட'வுக்கு இருக்கும் ருசி, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் இருக்காது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் 1987-ல் செய்த 'மெட்டா-மாக்ஸி-மாக்ஸி-உட்டோப்பியா'வைத் தவறவிடாதீர்கள். சுமார் 17 மீட்டர் நீளம். படியேறி அதற்குள்ளேயே நடக்கலாம்.

மோட்டார் இசை டிங்கெலியோடு முடிந்துவிடவில்லை. பெர்ன் நகரில் வசிக்கும் ஸிமூன் என்ற கலைஞர் (பிறப்பு 1977) நேர் எதிர் வழியில் போகிறார். காயலான் சாமான் இல்லை, பொம்மை இல்லை. ஒரே மாதிரியான சின்னச் சின்ன மின் மோட்டார்கள், நூற்றுக்கணக்கில். ஆர்காவ் மாநிலத்தின் டாட்டிகான் என்ற ஊரில், 1951-ம் ஆண்டைச் சேர்ந்த, கைவிடப்பட்ட ரசாயனத் தொட்டி ஒன்றை 2013-ல் அவர் வாத்தியமாக்கினார். உட்சுவர் முழுக்க 329 மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் கம்பி முனையில் ஒரு பஞ்சு உருண்டை. மோட்டார் சுழலச் சுழல, உருண்டை தொட்டிச் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். தனியாகக் கேட்டால் 'டப் டப்', அவ்வளவுதான். 329-ம் சேரும்போது தகரக் கூரைமேல் அடைமழை! படைப்பின் பெயர் என்ன தெரியுமா? மோட்டார், பஞ்சு உருண்டை, தொட்டி என்று அப்படியே மளிகைக் கடை ரசீது மாதிரி.

மறுபடி பாசலுக்கு வருவோம். அருங்காட்சியகத்துக்கு நேரமில்லாதவர்கள் தியேட்டர் சதுக்கத்துக்காவது போங்கள். 1977-ல் டிங்கெலி அமைத்த நீரூற்று அங்கே இருக்கிறது. இடித்த பழைய நாடக அரங்கின் மேடைச் சாமான்களைக் கொண்டு செய்த கறுப்பு உருவங்கள், ஆழமில்லாத குளத்தில் நின்று தண்ணீரை வாரி இறைக்கும், சல்லடையில் சலிக்கும், பீய்ச்சியடிக்கும். டிக்கெட் கிடையாது. கடுங்குளிரில் பனி உறைந்து தொங்கும்போது அதற்குத் தனி அழகு.

மோட்டார் சத்தம் போதும் என்று தோன்றினால் ரைன் நதியில் படகு ஏறுங்கள். குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்தபடி, மோட்டாரே இல்லாமல், நீரோட்டத்தின் வேகத்திலேயே அக்கரை சேரும் படகுகள் அவை.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் போனால், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பெரிய இயந்திரங்கள் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.