பிரித்தால் பிரியும் நாற்காலி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது வாங்கப் போகிறவர்கள். எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, செதுக்கிய கதவு நிலை என்று எல்லாம் அங்கே விலைக்கு நிற்கின்றன. நான் பார்க்கப் போனது விலைக்கு வராத சாமான்களை. ஊரின் தச்சுப் பட்டறைகளில், வேலை முடிந்ததும் வந்த வீட்டுக்கே திரும்பிப் போகும் நாற்காலிகள் சில இருக்கின்றன. முன்னங்கால் ஆடுகிற, பிரம்பு கிழிந்து தொங்குகிற சாய்வு நாற்காலிகள்தான் அவற்றில் அதிகம். வியாபாரி கையில் கிடைத்தால் சுமாரான விலைக்குப் போகும். வீட்டாரோ எந்த விலைக்கும் தரமாட்டார்கள். இப்படியொன்றைச் சீர்செய்வதைப் பாசத்தின் வேலை என்றே பொதுவாகப் பேசுகிறோம். பட்டறையில் நின்று பார்த்தால் பாசத்துக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: இது பிரிக்கப் பிரியுமா? பழைய நாற்காலி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதற்குக் காரணம் அதன் உறுதி என்று நினைக்கிறோம். உறுதி பாதிக் காரணம்தான். அதைச் செய்த ஆசாரி, இது ஒருநாள் பழுதாகும், அன்று இன்னொரு ஆசாரி இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டே செய்தார். மீதிப் பாதி அந்த ஒப்புதலில் இருக்கிறது என்பது என் வாதம்.

மூட்டிலிருந்து தொடங்கலாம். பழைய நாற்காலியின் காலும் சட்டமும் சேருமிடத்தில் திருகாணி இருக்காது. ஒரு மரத்தில் வெட்டிய துளைக்குள் இன்னொன்றின் முனை இறுக்கமாக அமரும், குறுக்கே ஒரு மர ஆணி, இடையே வச்சிரம். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து, ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். கொதித்துவிட்டால் பலம் போய்விடும். நாற்றமும் உண்டு. ஆனால் ஈரமும் சூடும் பட்டால் காய்ந்த வச்சிரம் எத்தனை ஆண்டு கழித்தும் இளகும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின்மேல் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கொட்டாப்புளியால் பக்குவமாகத் தட்டினால் மரத்துக்குச் சேதமில்லாமல் கழன்றுவரும். புதிதாக ஊற்றும் சூடான வச்சிரம், துளைக்குள் எஞ்சியிருக்கும் பழைய வச்சிரத்தையும் இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். 1959இல் ஃபெவிகால் என்ற வெள்ளைப் பசை சந்தைக்கு வந்தது இந்தக் காய்ச்சும் தொல்லைக்கு மாற்றாகத்தான். தச்சர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நாள் முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு டப்பாவைத் திறந்தால் போதும் என்பது சின்ன வசதியில்லை.

வெள்ளைப் பசைதான் வச்சிரத்தைவிடக் கெட்டி என்று ஒருவர் மறுக்கலாம். சரியாகப் பொருந்திய மூட்டில் இரண்டுமே மரத்தைவிடக் கெட்டி. ஈரம் தாங்குவதில் வெள்ளைப் பசை முன்னே நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் நாற்காலி ஒரு நாளும் சும்மா நிற்பதில்லை. உட்காருகிறவர் பின்னால் சாய்கிறார், ஒரு கையில் ஊன்றி எழுகிறார், பிள்ளைகள் அதை இழுக்கிறார்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மரம் ஊதி, கோடையில் சுருங்குகிறது. இந்த அலைச்சலுக்கு எங்கோ ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் நாற்காலி ஆடும், அவ்வளவுதான். பசை விடாப்பிடியாக நின்றால் துளையோரத்து மரம் பிளக்கும். பட்டறைக்கு வரும் சாமான்களில் சிக்கலானவை, இடையில் யாரோ நல்ல எண்ணத்தோடு வெள்ளைப் பசையை நிரப்பி, நம்பிக்கை போதாமல் ஓர் இரும்பாணியும் அடித்துவிட்டுப் போனவை. அவற்றைத் திறக்க மரத்தை அறுக்க வேண்டியிருக்கிறது. அறுத்த பர்மாத் தேக்குக்கு ஈடு வைக்க மரம் எளிதில் கிடைக்காது. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்திறங்கிய தேக்கு அது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. எனவே ஈட்டு மரத்துக்கும் ஆசாரி இன்னொரு பழைய சாமானின் உடைந்த சட்டத்தைத்தான் தேடுகிறார். அதிலும் வெள்ளைப் பகுதி உளுத்துப் போயிருக்கும். வைரம் மட்டும் தேறும்.

மேற்பூச்சிலும் இதே கதைதான். பழைய தேக்குச் சாமான்களில் இருப்பது அரக்கைச் சாராவியில், அதாவது ஸ்பிரிட்டில், கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்த உருண்டையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பிரெஞ்சு பாலிஷ். அரக்கு ஒரு பூச்சி தரும் பிசின்; புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் அது பூச்சாகப் படிகிறது. ஜார்கண்ட் அதற்குப் பேர்போன மாநிலம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. (சாராவி என்றதும் நம் ஊர் மதுவிலக்கு நினைவுக்கு வருகிறது. வார்னிஷைக் குடித்துவிடுவார்கள் என்ற கவலையில் பிரெஞ்சு பாலிஷின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய விதிகள் இங்கே 1959இல் எழுதப்பட்டன. ஒரே ஆண்டில் பசைக்குப் புது வழி, பாலிஷுக்குப் புதுப் பூட்டு.) அரக்குப் பூச்சு காய்ந்த பிறகும் சாராவிக்கு இளகும். நாற்பது ஆண்டு கழித்துப் பூசும் கையும் பழைய படலத்தைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுகிறது. இன்று வழக்கத்திலுள்ள பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் அப்படியில்லை. அது காய்ந்தால் வேறொன்றாக இறுகிவிடுகிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம், முழுவதையும் சுரண்ட வேண்டும். சுரண்டுவதென்றால் உப்புத்தாள், உப்புத்தாள் என்றால் பூச்சோடு மரத்தின் மேல்தோலும் போகிறது. சூடான காபி தம்ளர் வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும், பியூவில் விழாது என்பதை மறுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பியூ அடிக்கிறவரோடு எனக்குச் சண்டையில்லை. தாத்தா நாற்காலியில் ஏன் அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பிரம்புக்கு வந்தால் இந்த ஒப்புதல் கண்ணுக்கே தெரிகிறது. சட்டத்தைச் சுற்றி ஒரே இடைவெளியில் வரிசையாகத் துளைகள். ஊறவைத்த பிரம்புத்தோலை நெடுக்கில் இருமுறை, குறுக்கில் இருமுறை, பிறகு இரண்டு மூலைவாட்டிலும் செலுத்தினால் எட்டுப்பக்கக் கண்கள் விழும். கடைசியில் துளைகளை மறைத்து ஓரப்பட்டை. நெடுக்கும் குறுக்கும் பாரத்தைத் தாங்குகின்றன, மூலைவாட்டு இழைகள் அவை நகராமல் பிடிக்கின்றன. ஓர் இருக்கைக்கு ஒரு நாளைக்கு மேல் ஆகும். பின்னுகிறவரின் கண்ணைவிட விரல்தான் கணக்கு வைக்கிறது. பார்வையற்றோர் பள்ளிகளில் இதைத் தொழிலாகக் கற்பித்தது காரணத்தோடுதான். இந்த இருக்கை நிலைக்கும் என்று செய்தவர் நினைக்கவேயில்லை. பிரம்பு அறும் என்று தெரிந்துதான் துளையை மரத்தில் போட்டார். மூன்று முறை பிரம்பு மாற்றி, இரண்டு முறை பாலிஷ் போட்டபின் இது அதே நாற்காலிதானா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கூரைக்கு ஆண்டுதோறும் கீற்று மாற்றிய வீட்டை யாரும் வேறு வீடு என்று சொன்னதில்லை.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு என்ன அளவுகோல்? பட்டறை வேலையைக் கவனித்ததில் எனக்குப் பட்டது: வளரும் பழுதை நிறுத்து, வளராத வடுவை விடு. ஆடும் மூட்டு நாளை இன்னும் ஆடும். உளுப்பு பரவும். அறுந்த ஓர் இழை பக்கத்து இழைமேல் பாரத்தைப் போடும். இவற்றில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் முழங்கை ஊன்றி ஊன்றிக் கைப்பிடியில் விழுந்த பள்ளம் எங்கும் போகப்போவதில்லை. வெற்றிலைச் செல்லத்தின் அடி தேய்ந்த தடமும் அப்படியே. வீட்டார் இந்த நாற்காலியை வைத்திருப்பதே அந்தப் பள்ளத்துக்காக; அதையே மக்கு வைத்து நிரப்பிப் பளபளக்கத் தரச் சொல்கிறவர்களும் அவர்களே. வந்தவர்கள் பார்த்தால் அசிங்கம் என்பது அவர்கள் தரப்பு. அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் நாற்காலி காட்சிப் பொருளாக இருந்ததில்லை, விருந்தாளியை உட்காரவைக்கும் மரியாதைப் பொருள். ஆனால் அழுக்கு நீங்கி, மெல்லிய அரக்குப் பூச்சு ஏறியபின் அந்தப் பள்ளம் அசிங்கமாகத் தெரிவதில்லை. அழுக்கையும் தேய்மானத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் குழப்பம் இது.

செலவைப் பற்றிப் பேசாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. பிரித்து, பூட்டி, பின்னி, பல கை பாலிஷ் ஏற்றினால் ஆகும் கூலிக்குப் புது நாற்காலியே வாங்கிவிடலாம் என்ற வாதம் பல சமயங்களில் கணக்குப்படி சரி. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த புதுச் சாமானில் திருகாணித் துளை ஒருமுறை தளர்ந்தால் மறுபடி பிடிப்பது அரிது என்று பதில் சொல்லலாம். ஆனால் அது வாங்குகிறவருக்கான பதில். வேலை செய்கிறவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பழுது பார்க்கிறவருக்கு, முன்னால் செய்தவர் விட்ட பிழையையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு யாரும் கூலி பேசுவதில்லை. புதிய அலமாரி செய்தால் அடிக்கணக்கில் வாங்கலாம். வெந்நீர்த் துணி சுற்றிக் காத்திருப்பதை எந்த அடிக்கணக்கில் சேர்ப்பது? பாசத்துக்கு விலையில்லை என்று சொல்லிக்கொண்டே கூலியில் பேரம் பேசுகிற வாடிக்கையாளரால்தான் வச்சிரம் அடுப்பிலிருந்து இறங்கியது என்றுகூடச் சொல்வேன்.

பிரம்புக்குப் பணம் போதாதவர்கள் ரெக்சின் இருக்கை கேட்கிறார்கள். துளைகளை மக்கு வைத்து அடைத்து, சட்டத்தின்மேல் பலகையை ஆணியடித்து, ரெக்சினைப் போர்த்திவிட்டால் அரைநாளில் முடிந்துவிடும். விவரம் தெரிந்த ஆசாரி அப்படிச் செய்வதில்லை. சட்டத்துக்குள் தளர்வாக உட்காரும் அளவில் தனிப் பலகை வெட்டி, அதற்கு மட்டும் ரெக்சின் ஒட்டி, ஆணியில்லாமல் மேலே வைத்துத் தருகிறார். பலகையைத் தூக்கிப் பார்த்தால் துளைகள் அத்தனையும் திறந்தே இருக்கின்றன. உள்ளே அடைந்திருந்த பழைய பிரம்புத் துணுக்குகளைக்கூடக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்.