வளர்ற பிள்ளைக்குப் பாவாடை

பாவாடை தைப்பதில் இரண்டு கணக்கு உண்டு. துணியை மிச்சம் பிடிக்கிற கணக்கு ஒன்று, துணியை உள்ளே ஒளித்துவைக்கிற கணக்கு இன்னொன்று.

முதல் கணக்கை ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில், உள்பாவாடை தைக்கிற கூடத்தில் கற்றேன். தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி என்று அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மெஷின் சத்தம்தான். நைட்டியும் உள்பாவாடையும் அங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளியூர் போகின்றன. உள்பாவாடைக்கு ஆறு பீஸ் வெட்டுவார்கள். மேலே குறுகிக் கீழே அகன்ற துண்டுகள். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கிவிட்டால் நடுவில் துணி வீணாகாது. கட்டிங் மாஸ்டர் சாக்கட்டியால் கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தம். டஜன் கணக்கில் கூலி பேசும் இடத்தில் அந்தச் சுத்தம்தான் லாபம்.

சின்னப் பெண்ணுக்கு வீட்டில் பாவாடை தைக்க உட்கார்ந்தால் இந்தக் கணக்கு உதவாது. அந்தப் பெண் நாளைக்கு வளர்ந்துவிடுவாள். அவளோடு சேர்ந்து பாவாடையும் வளர வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து துணியோடு வரும் தாய்மார்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “வளர்ற பிள்ளைக்கா, கொஞ்சம் இறக்கமாவே தைச்சிருங்க.”

“இறக்கமாத் தைச்சா காலைத் தடுக்கும் தாயி. இன்னைக்கு அளவுக்கே தைக்கிறேன், மிச்சத்தை உள்ள மடிச்சு வச்சுத் தாரேன்” என்பேன். என் தொழில் முழுக்க அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

முதலில் துணி. பஞ்சுக்கும் நூலுக்கும் நாங்கள் அலைய வேண்டியதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இது நூற்பாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சுந்தரபாண்டியத்தில் கைத்தறி. பேண்டேஜ் துணியில் இழைக்கு இழை இடைவெளி இருக்கும், காயத்துக்கு அதுதான் வேண்டும். மடிப்புக்கு அது ஆகாது, நெருக்கமாக நெய்த துணி வேண்டும். 40-ஆம் நம்பர் நூலில் நெய்த பாப்ளின் எனக்குப் பிடித்தது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகின்றனவோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 80-ஆம் நம்பர் துணி கைக்கு வெண்ணெயாக இருந்தாலும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தேய்ந்துபோகும்.

வாங்கிய துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தாமல் கத்தரியைத் தொடமாட்டேன். தறியில் பாவு நூல் விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. தண்ணீர் பட்டதும் அந்த இழுவிசை தளர்ந்து, துணி நீளவாட்டில் சுருங்கும். அது என் வீட்டு வாளியில் நடந்து முடியட்டும். தைத்தபிறகு நடந்தால் ஒளித்துவைத்த துணியில் பாதியைத் தண்ணீர் தின்றுவிடும்.

இடுப்பு 22 இஞ்ச், பாவாடை உயரம் 26 இஞ்ச் வேண்டிய பிள்ளை என்று வையுங்கள். இடுப்புக்குத் தளர்ச்சி 1 இஞ்ச், பட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏற 2 இஞ்ச், ஆகமொத்தம் 25. வெளியே 1 இஞ்ச் தெரிகிற மடிப்புக்கு 3 இஞ்ச் துணி பிடிக்கும் என்பதால் 25 மடிப்புக்கு 75 இஞ்ச். 44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டு துண்டு வெட்டி இணைத்தால் இது தாராளம். ஒவ்வொரு துண்டின் நீளமும் 34: உயரம் 26, கீழ்மடிப்பு 4, பிள்ளை வளர்ந்ததும் அவிழ்த்துவிட உள்ளே பிடித்துவைக்கும் டக்குக்கு 3, இடுப்புத் தையலுக்கு 1. பட்டிக்கு இன்னொரு 4 இஞ்ச். மொத்தம் 72. 2 மீட்டர் வாங்கினால் தண்ணீரில் 5 சதவீதம் சுருங்கினாலும் போதும்.

சுருக்கு வைத்தால் இத்தனை கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தியில் அடர்த்தியாகச் சுருக்கு வைத்தால் இடுப்பில் மொத்தையாக ஏறும், பிள்ளைக்கு வேர்க்கும். மடிப்பு படிந்து கிடக்கும். எலாஸ்டிக்கும் இடுப்பு பெருப்பதற்குத்தான் ஈடுகொடுக்கும், உயரத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு, மடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. பாலியஸ்டர் கலந்த யூனிஃபார்ம் துணியைச் சூட்டில் அழுத்தினால் மடிப்பு அதிலேயே நின்றுவிடும். பருத்தியில் இஸ்திரி போட்ட மடிப்பு முதல் துவைப்பிலேயே கலைந்துவிடும். கஞ்சி போட்டாலும் அடுத்த துவைப்பு வரைக்கும்தான். அதனால் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பையும் ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தையல் ஓட்டுவேன். அந்தத் தையலை டக்குக்கு இரண்டு இஞ்ச் மேலேயே நிறுத்திவிடவேண்டும். டக்கைத் தாண்டி ஓட்டினால், பின்னாளில் அதைப் பிரிக்கும்போது 25 மடிப்பையும் பிரிக்கவேண்டிவரும்.

கட்டம்போட்ட கைத்தறித் துணி வந்தால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். 3 இஞ்ச் என்ற கணக்கை அங்கே ஓரமாக வைத்துவிடுவேன், மடிப்பைக் கட்டமே தீர்மானிக்கும். கட்டம் இரண்டரை இஞ்ச்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிறதென்றால் மடிப்புக்கும் இரண்டரை. அப்போது எல்லா மடிப்பின் விளிம்பிலும் ஒரே சிவப்புக் கோடு வந்து நிற்கும். பிள்ளை நடந்தால் கோடுகள் விலகி உள்ளே இருக்கும் நிறம் எட்டிப்பார்க்கும். ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டும் கில்ட்டிலும் இதே கணக்குத்தான். கம்பளித் துணி, ஏறத்தாழ 8 கஜம். முன்பக்கம் மடிப்பில்லாமல் தட்டையாகவும் பின்பக்கம் முழுக்க மடிப்பாகவும் இருக்கும். அங்கே பட்டாளத்து கில்ட்டில் மடிப்புக்கு மடிப்பு ஒரே கோடு வரும்படி வைப்பார்கள். மற்றவர்கள் மடிப்பை நகர்த்தி நகர்த்தி வைத்து, முன்னால் உள்ள அதே கட்டம் பின்னாலும் முழுசாகத் தெரியும்படி செய்கிறார்கள். பின்புறத்தைவிட இடுப்பு குறுகுவதால் மேலே போகப்போக ஒவ்வொரு மடிப்பையும் இழையளவு கூட்டிப் பிடித்துத் தைக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்து அசந்துபோனேன். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் குறுக்கல் தேவையில்லை. பெரிய பெண்ணுக்குத் தைக்கும்போது நானும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

டக்குக்கு வருகிறேன். முக்கால் இஞ்ச் ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே போகும். இரண்டு டக்கில் 3 இஞ்ச். மடிப்பு வைப்பதற்கு முன்பே, துணி தட்டையாகக் கிடக்கும்போதே, கீழ்மடிப்பையும் டக்கையும் முடித்துவிடவேண்டும். டக் உள்பக்கம் விழுவதால் வெளியே ஒரு தையல் கோடுதான் தெரியும். அதன்மேல் ஒரு ஜிக்ஜாக் லேஸ் ஓடினால் அழகுக்கு வைத்தது போலிருக்கும். ஒரு டக்கை அவிழ்த்தபிறகு, உள்ளே கிடந்த துணி வெயில் படாமல் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருக்கும். பழைய கோடும் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே அடுத்த லேஸ். அதற்காக லேஸையும் முதலிலேயே கூடுதலாக வாங்கச்சொல்வேன். அடுத்த வருஷம் அதே லேஸ் கடையில் கிடைக்காது.

இடுப்பு பெருத்தால் மடிப்புதான் கைகொடுக்கும். பட்டியைப் பிரித்து ஒவ்வொரு மடிப்பிலும் தச்சர் கணக்கில் அரை நூல் விட்டால் போதும். அரை நூல் என்பது இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. 25 மடிப்பும் சேர்ந்தால் ஒன்றரை இஞ்ச் இடுப்பு கிடைத்துவிடும். பட்டியிலும் அதற்கேற்ற நீளத்தை முனைக்குள் மடித்து வைத்திருக்கவேண்டும். பட்டி இணைக்கும் தையலை மட்டும் கொஞ்சம் நீளத் தையலாகப் போடுவேன், பிரிக்கும்போது துணி கிழியாமல் வரும்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டை வீசுகிற வழக்கம் என்னிடம் இல்லை. அதை ஒரு பின் குத்தித் தாயிடம் கொடுத்து, “பாவாடையைத் துவைக்கிறப்பல்லாம் இதையும் சேர்த்துத் துவைச்சுக் காயப்போடு தாயி” என்பேன். பாவாடை வெளுக்கிற அளவுக்கு அந்தத் துண்டும் வெளுத்திருந்தால்தான், நாளைக்குக் கிழிசலுக்கு ஒட்டுப்போடும்போது நிறம் ஒத்துப்போகும்.