அய்யனார் காக்கும் கானகம்

தேனி மாவட்டத்துத் திருத்தலங்களைத் தரிசிக்க விழையும் அன்பர்கள், தேனியோடு இணைந்த அல்லிநகரத்திலிருந்து யாத்திரையைத் தொடங்கலாம். ஊரைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைந்தால், அங்கே காவல் தெய்வமாக வீரப்ப அய்யனார் அருள்பாலிக்கிறார். சித்திரை முதல் நாள் இங்கே பெருந்திருவிழா. அன்று அல்லிநகரமே மலையடிவாரத்தில் திரண்டு நிற்கும்.

ஊருக்குக் காவலான தெய்வம் ஊரை விட்டு விலகிக் காட்டோரத்தில் அமர்ந்திருப்பது ஏன்? மலையில் பெய்யும் மழையைக் காடு தன்னுள் வாங்கி, ஓடைகளாக மெல்ல மெல்ல விடுகிறது. அந்த நீரே கண்மாயை நிரப்பி வயலை விளைவிக்கிறது. எனவே காட்டைக் காப்பதே ஊரைக் காப்பது. கோயில்காட்டில் மரம் வெட்டலாகாது என்று முன்னோர் பல ஊர்களில் விதித்திருந்ததன் பொருளும் இதுவே. வங்கியில் பணியாற்றிய எனக்கு இது எளிதில் விளங்குகிறது: காடு அசல், நீர் வட்டி. அசலைத் தொடாதவரை வட்டி வந்துகொண்டே இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும் இதே நெறியைக் காணலாம். சுருளி அருவியில் ஆடி அமாவாசையன்று நீராடி, முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் பல்லாயிரவர். ஆயினும் யானைகள் நடமாடினாலோ வெள்ளம் பெருகினாலோ வனத்துறையினர் வழியை அடைத்துவிடுவர். வெகுதூரம் வந்தும் நீராட இயலவில்லையே என்று வருந்த வேண்டாம். அது யானைகளின் இல்லம்; நாம் விருந்தினர். 2021-இல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் வனப்பகுதிகள் இணைந்து புலிகள் காப்பகமாயின. 2023 மே மாதம் ‘அரிக்கொம்பன்’ என்னும் யானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்ததை நாம் மறக்கலாகாது.

கூடலூருக்கு மேலே மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்கள் செல்ல அனுமதி. பளியன்குடி வழியாக நடந்தோ, குமுளியிலிருந்து ஜீப்பிலோ செல்லலாம். பிளாஸ்டிக் பொருள்களுக்கு அங்கே இடமில்லை. மற்ற நாள்களில் காடு காடாகவே இருக்கிறது.

மலையேற இயலாத முதியோர் வருந்த வேண்டியதில்லை. முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனையும், குச்சனூரில் சுயம்புவாக எழுந்தருளிய சனீஸ்வர பகவானையும் சமதளத்திலேயே தரிசிக்கலாம். 2022 மே முதல் மதுரையிலிருந்து தேனிக்கு மீண்டும் ரயில் ஓடுவதும் நமக்கு நல்வசதி.

காட்டுக் கோயில்களுக்குக் காலையிலேயே சென்று, பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். தேங்காய், பழம், பூ ஆகியவற்றைத் துணிப்பையில் கொண்டு செல்லுங்கள். பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, காவல் தெய்வம் எதைக் காக்கிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுங்கள். நமக்குப் பின்னும் அந்த ஓடைகளில் நீர் ஓட வேண்டும் அல்லவா?