பாட்டு வகுப்புக்கு யார் பணம் தருவார்?

எங்கள் பக்கத்து ஊர்களில் அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறது. தாய்மாமன் சீர் போலவே தாம்பாளம் தாம்பாளமாக ஊர்வலம் வரும். நாற்காலி, மின்விசிறி, பீரோ, நோட்டுப் புத்தகம், குடம், சுவர்க்கடிகாரம். ஊர்வலத்துக்கு முன்னால் நாகஸ்வரமும் தவிலும் பள்ளி வாசல்வரை வரும். தாம்பாளங்களில் மட்டும் பாட்டுக்கான பொருள் ஒன்றுகூட இருக்காது. ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டு வகுப்புக்கு இன்னது வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்!

கேட்டால் கொடுக்கிற மண் இது. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அந்த இயக்கத்துக்கு உயிராக இருந்தவர் அப்போதைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, பக்கபலமாக நின்றவர் முதலமைச்சர் காமராஜர். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். அதை ஊர் முன்னால் வைத்தார்கள். மேசையும் கரும்பலகையும் கட்டடமும் வந்தன. பட்டியல்தான் முதல் வேலை, வசூல் அதற்குப் பிறகு. தலைமையாசிரியராக இருந்த காலமெல்லாம் நான் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

என் தங்கை மகள் அரசுப் பள்ளியில் இசை ஆசிரியை. "மாமா, கம்ப்யூட்டரில் பாட்டுச் சொல்லித்தர ஆசையாக இருக்கிறது. லட்சக்கணக்கில் யாரிடம் போய்க் கேட்பேன்? கூச்சமாக இருக்கிறது" என்றாள்.

"லட்சம் எதற்கம்மா? முதலில் உன் பள்ளியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்றேன்.

பார்த்தாள். ஹைடெக் லேப் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் அதில் இருக்கின்றன. இசையைக் குறியீடாக எழுத மியூஸ்ஸ்கோர், பாடுவதைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். இல்லாதவை ஹெட்போன், நல்ல மைக், கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னக் கீபோர்டு, ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. லட்சம் என்று மலைத்தது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிட்டது. கேட்கிற தொகை சின்னதானால் கூச்சமும் சின்னதாகிவிடும். அவ்வளவு தொகைக்குப் பள்ளியிலேயே வழி இருந்தாலும் இருக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை பள்ளி மானியம் உண்டு. பெரும்பகுதி கழிப்பறைக்கும் மின்கட்டணத்துக்கும் சாக்பீஸுக்கும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாய்திறந்து கேட்டு, தீர்மானம் எழுத வைத்தால்தான் பாட்டும் அந்தக் கணக்குக்குள் வரும்.

பெரிதாகக் கேட்க வேண்டுமானால் நிறுவனங்கள் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டம் ஏற்கும் பணிகளின் பட்டியலில் கல்வியும் உண்டு, கலையும் பண்பாடும் உண்டு. பள்ளி இசை இரண்டிலும் வரும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் நிறுவனங்கள் மட்டுமல்ல, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவரும் தாம் படித்த பள்ளிக்கே பணம் தரலாம்.

சிக்கல் பணம் வந்த பிறகுதான். ஒரு நிறுவனம் ஒரு பள்ளிக்குப் பத்துக் கீபோர்டு கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. அடுத்த ஆண்டு இசை ஆசிரியர் இல்லை. அடாப்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. இருப்புப் பதிவேட்டில் இருக்கிறதே, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அத்தனையும் பீரோவுக்குள் போயின. கொடுப்பவர்களுக்குப் பெட்டி கொடுக்கப் பிடிக்கும். அடாப்டர் வாங்கவோ ஆசிரியர் சம்பளத்துக்கோ கொடுக்கப் பிடிக்காது, அதில் பெயர் ஒட்ட இடமில்லை பாருங்கள்! அரசும் விதிவிலக்கல்ல. 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றோடும் இசைக்கும் சேர்த்துத்தான் அது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு வாரத்தில் மூன்று அரைநாள் வந்துபோகிறவரை நம்பி எவ்வளவு விலையுள்ள கருவியை வாங்கிவைத்தாலும் பிள்ளைகளுக்கு என்ன வந்துவிடும்?

ஆகவே தங்கை மகளிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். விண்ணப்பத்தில் கருவி விலையோடு நிறுத்தாதே. பழுது பார்க்கும் செலவு, மாற்று ஒயர், வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லித்தரும் உள்ளூர்க் கலைஞருக்குத் தரவேண்டிய தொகை, மூன்றையும் சேர்த்து எழுது. சமூகப் பொறுப்பு விதிகளில் தொடர் திட்டம் என்று ஒன்று உண்டு. தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மேலும் மூன்றாண்டு வரை அதற்குப் பணம் ஒதுக்கலாம். நிறுவனத்தில் இந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு இது நன்றாகவே தெரியும். நாம் கேட்காதவரை அவராகச் சொல்ல மாட்டார். அவரைப் பார்க்கப் போகும்போது பவர்பாயிண்ட் வேண்டாம். பிள்ளைகள் பாடியதைப் போனில் பதிவு செய்து கொண்டுபோ. ஆண்டு முடிந்ததும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், செலவுக் கணக்கையும் அந்த வருஷத்துப் பாட்டு ஒன்றையும் அனுப்பிவை. இரண்டாம் முறை கேட்கிறவருக்குக் கதவைத் திறப்பது முதல்முறை கொடுத்த கணக்குதான். இதை என் அனுபவத்தில் அடித்துச் சொல்வேன்.

எம்.எல்.ஏ. நிதியை நம்பலாமா என்று கேட்டாள். அதில் சம்பளமும் பராமரிப்பும் எதிர்பார்க்க முடியாது. அறை கட்ட வேண்டுமானால் போய்ப் பார் என்றேன்.

இதைப் படிப்பவர்களில் அரசுப் பள்ளியில் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் கடைக்குப் போவதற்கு முன்னால் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டு வகுப்பு நடக்கிறதா, யார் எடுக்கிறார், எந்தக் கருவி பழுதாகிக் கிடக்கிறது என்று கேளுங்கள். புதிதாக வாங்கித் தருவதைவிடக் கிடப்பில் இருப்பதைச் சரிசெய்து, ஓராண்டுக்கு ஒரு ஆசிரியருக்கான தொகையைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.