மாமாவின் படகுக்கு ஒரு மோட்டார்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சேலம் மாவட்டத்தில் படகா என்று தோழியர் சிலர் வியக்கக்கூடும். மேட்டூர் அணைக்குக் கீழே காவிரிக் கரையில் பூலாம்பட்டி இருக்கிறது. எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. அங்குள்ள கதவணையால் நீர் தேங்கி, ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கும். மக்கள் விசைப்படகில் ஆற்றைக் கடப்பார்கள். 'குட்டிக் கேரளா' என்று அந்த ஊருக்குப் பட்டப்பெயரும் உண்டு.

அதுவே என் தாய்மாமாவின் ஊர். மாமாவிடம் மீன் பிடிக்கும் 16 அடி பைபர் படகு ஒன்று இருக்கிறது. வயதில் அது என்னைவிட மூத்தது. பொங்கலுக்குச் சில நாள் முன்பு அதன் மோட்டார் அடியோடு ஓய்ந்துவிட்டது. சிலிண்டர் தேய்ந்துவிட்டது, இனிச் செலவு செய்வது வீண் என்றார் மெக்கானிக். அன்று முதல் மாமா துடுப்புப் போட்டே வலை விரிக்கிறார். தொலைவில் உள்ள நல்ல மடுக்களுக்குப் போக முடியவில்லை. கட்லாவும் ஜிலேபியும் கூடை நிறைய வந்த வீட்டில் பாதிக் கூடைதான் வருகிறது. அத்தை மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறார். ஒரு மோட்டாருக்குத்தான் அந்தப் பணம் போதும்.

எந்த மோட்டார் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பாலிடெக்னிக் படிக்கும் மாமா மகன், 15 குதிரைத் திறன் வேண்டும் என்றான். கடற்கரைப் பக்கம் ஒருவர் பழைய 15 குதிரை மோட்டாரை மலிவாகத் தருவதாகவும் சொன்னான். "பறக்கும் பாருங்கப்பா!" என்றான். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் குமரி மாவட்டக் கடலோரத்தில் பிறந்தவர். அவரிடம் சொன்னபோது, பாடத்தை நிறுத்திவிட்டுப் படகைப் பற்றியே பேசினார். (வகுப்பே எனக்கு நன்றி சொன்னது!) பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்களை அவர் ஊரில் கம்பில் கட்டித் தோளில் சுமந்து கரைக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே என்பவர் ஒட்டுப்பலகையில் படகு கட்டக் கற்றுக்கொடுத்ததையும் சொன்னார். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். நீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனத்த படகுக்கு, நீரில் படியும் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்க வேண்டும். 16க்கு வர்க்கமூலம் 4. பெருக்கினால் ஏறக்குறைய 5.4 நாட். அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். அதற்குமேல் எத்தனை குதிரை பூட்டினாலும், தானே எழுப்பும் அலையில் படகு பின்பக்கம் அமிழ்ந்துகொண்டு பெட்ரோலைத்தான் குடிக்கும். தட்டையான அடியுள்ள இலேசான படகுகள் நீர்மேல் எழும்பி ஓடும். அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மாமாவின் படகு அப்படிப்பட்டதல்ல.

அடுத்த ஞாயிறன்று என் அளவு நாடாவுடன் ஆற்றங்கரைக்குப் போனேன். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம் பதினைந்தரை அங்குலம். குட்டைத் தண்டு மோட்டார் 15 அங்குலப் பலகைக்கும், நீளத் தண்டு 20 அங்குலத்துக்கும் ஆனவை. மலிவாக வந்ததோ நீளத் தண்டு. அதை மாட்டினால் விசிறி ஐந்து அங்குலம் கூடுதலாக ஆழத்தில் சுழலும். காவிரியின் அடியில் பாறைகள் எத்தனை என்பது மாமாவுக்குத் தெரியும். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்த மோட்டாருக்குப் பின்னால் ஓர் ஐஸ்கிரீம் கதை உண்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூடு, தான் மணக்கவிருந்த பெண்ணுக்காக ஏரியைத் துடுப்பால் கடந்து ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம்! 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைதான். அவர் பெயரில் வந்த மோட்டார்களின் உற்பத்தி 2020இல் நின்றுபோயிற்று.

மீண்டும் ஆற்றங்கரைக்கு வருவோம். மெக்கானிக் ஸ்பேனரால் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் 'டக் டக்' என்றது. நடுவில் 'பொத் பொத்' என்றது. பைபருக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை ஆணித் துளைகள் வழியே நீர் குடித்து ஊறிவிட்டது. புது மோட்டாரை அதில் மாட்டினால் பலகையோடு பிய்த்துக்கொண்டு ஆற்றுக்குள் போகும் என்றார். கடன் பணம் ஆற்றுக்குள் போவதை நினைத்து அத்தை முகம் வெளுத்தது.

ஆகவே முதலில் பலகை, பிறகுதான் மோட்டார். எட்டுக் குதிரை போதும், குட்டைத் தண்டு என்பதுவரை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இலேசானது; ஃபோர் ஸ்ட்ரோக் ஏறக்குறைய 10 கிலோ கனம் கூடுதல், ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். தினமும் மாலையில் மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றும் மாமா இலேசானதையே விரும்பினார்.

"தூக்கறது ஒரு நாளைக்கு ரெண்டு தடவைங்க. பெட்ரோல் ஊத்தறது அஞ்சு வருசம்," என்றார் அத்தை.

நான் அத்தை பக்கம்தான். மாமா என்னைப் பார்த்துச் சிரித்து, "நீயும் அத்தை கச்சியா கண்ணு?" என்றார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொள்வதாக மாமா மகன் சொன்ன பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் என்று முடிவாயிற்று.

இதை எழுதும்போது புதுப் பலகை பொருத்தியாகிவிட்டது. ரெசின் பூசிய இடம் நன்றாகக் காய இன்னும் இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை கோணி போர்த்திய மோட்டார் அத்தை வீட்டுத் திண்ணையில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.