முதலில் ஸ்கூட்டர், அப்புறம் கோழி

எங்கள் மணிக்கு ஸ்கூட்டர் என்றாலே ஆகாது. சங்கிலி அறுந்துவிடுகிற மாதிரி பாய்ந்து குரைப்பான். நானும் கத்துவேன். ஒருநாள் செருப்பாலும் அடித்தேன். மறுநாள் இன்னும் ஜாஸ்தியாகக் குரைத்தான்.

“சார், அது கோபமில்லை, பயம். அடிச்சா, ஸ்கூட்டர் வந்தா அடியும் வரும்னுதான் கத்துக்கும்” என்றார் கால்நடை டாக்டர்.

அவர் சொன்ன வைத்தியம்: ஸ்கூட்டர் கண்ணில் படணும், ஆனால் குரைக்கத் தோன்றாத தூரத்தில் நிற்கணும். பார்த்த உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வண்டி மறைந்தால் கோழியும் கட். போகப்போக தூரத்தைக் குறைக்கலாம். குரைத்தால், திட்டாமல் பின்வாங்கணும். 1904-ல் நோபல் வாங்கிய பாவ்லோவ், சாப்பாடு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தாரே, அதே சங்கதிதான்.

மூன்று மாதம் ஆயிற்று. இப்போது ஸ்கூட்டர் வந்தால் மணி என் சட்டைப்பையைப் பார்க்கிறான். வெளியே கிளம்ப நான் செருப்பைக் கையிலெடுத்தால் மட்டும், இன்னமும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.