பங்களாவும் லயமும் ஒரே கட்டடம்

ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் சில வாரமோ சில மாதமோ தங்கவைத்து, சாப்பாடும் தனிமையும் கொடுத்து, அவரவர் வேலையைப் பார்க்கவிடும் வீடுகள் இன்று உலகெங்கும் உண்டு. அவற்றில் பல, வசதி படைத்தவர்கள் கோடையைக் கழித்த பழைய இல்லங்கள். இந்த வழக்கம் எங்கே தொடங்கியது, ஏன் ஓய்வில்லங்களையே நாடிப் போனது என்று தேடப் புறப்பட்டால், கலையைவிட நிலத்தைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது. ரோம் நகரில் மெடிச்சி குடும்பத்துக் கார்டினல் ஒருவர் 1576இல் வாங்கிய மாளிகைக்குள் 1803இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் குடியேறியது. அமெரிக்க இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலின் குடும்பம் 1896இல் கோடைக்கென்று வாங்கிய பண்ணை, 1907இல் கலைஞர்கள் தங்கும் இடமானது. நியூயார்க் நிதி முதலாளி ஸ்பென்சர் டிராஸ்க்கின் யாடோ மாளிகை 1926 முதல் விருந்தினர்களை ஏற்கிறது. மெக்டவலின் பண்ணை எளியது. மற்ற இரண்டின் பின்னாலும் பெரும் செல்வம் இருக்கிறது. யாரோ உழைத்துச் சேர்ந்த பணம் ஒருவருக்கு ஓய்வைக் கொடுத்தது, அந்த ஓய்வு பிறகு கலைஞர்களின் கைக்கு மாறியது.

நமக்குப் பக்கத்தில் இதற்குத் தெளிவான சான்று இலங்கையின் லுனுகங்கா. வழக்கறிஞராக இருந்த ஜெஃப்ரி பாவா, இத்தாலியில் கார்டா ஏரியைப் பார்த்தபடி ஒரு வில்லா வாங்க நினைத்தார், அது கைகூடவில்லை. ஊர் திரும்பி, பெந்தோட்டைக்கு அருகில் தெதுவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை 1948இல் வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் கறுவா, ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் என்று இரண்டு பயிர்களைத் தாங்கிய மண் அது. ரப்பர் மரங்களை வெட்டி, ஏரி கண்ணில் படும்படி நிலத்தையே திருத்தி அமைத்தார். அந்த வேலைதான் அவரைக் கட்டடக்கலை படிக்க அனுப்பியது. 1957இல் தேர்ச்சி பெற்றார். 2003இல் அவர் மறைந்த பிறகு அந்த இடம் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, கலைஞர்கள் அங்கே வந்து பணி செய்கிறார்கள். ரப்பர் தோட்டமாக இருந்த இடம் கலையின் இடமாக மாறியதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் சுவடு அதன் புகழுக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் விட முடியவில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலானுக்கு வந்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. மலாயாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆண்டு முழுதும் வெயில்தான். அதனால் தோட்டத் தொரைமார்கள் மேட்டையும் கடலையும் தேடினார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் ஓடத் தொடங்கிய ரயில் ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. அதே கடற்கரைதான் ஓய்வுக்கும் உரியதானது. தோட்டத்துக்குள்ளே பெரிய பங்களா மேட்டில் நின்றது. காற்று புகுந்து வெளியேறும் அகன்ற வராந்தா, தாழ இறங்கிய கூரை, தள்ளிக் கட்டிய சமையல்கட்டு. கீழே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கும் பால் சேரும் ஸ்டோருக்கும் எட்டும் தூரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் பல இடங்களில் கூரைவரை எட்டாத பலகைத் தடுப்பு. பக்கத்து அறையின் இருமலும் சண்டையும் தாலாட்டும் எல்லோருக்கும் கேட்கும். வெளிச்சம் வருமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டத் தீம்பாருக்குப் போனார்கள், மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். பங்களாவில் காலை அமைதியாக இருந்தது என்றால், லயம் அந்த நேரத்தில் காலியாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இரண்டும் ஒரே கணக்கில், ஒரே கூலிப் பட்டியலில், ஒரே நில அளவைப் படத்தில் உருவானவை. அதனால்தான் இவற்றை ஒரே கட்டடம் என்கிறேன்.

அப்படிப்பட்ட வராந்தாக்களிலிருந்து இலக்கியமும் வந்திருக்கிறது. 1905இல் மலாயா வந்து சிலாங்கூரின் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, அந்த வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. 1936இல் வந்து ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த பியேர் பூல், 1952இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய நாவலை எழுதினார். அதன் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். ஆனால் அந்தப் பாலம் எழுந்த, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட அதே சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களை நடுவில் நிறுத்திய நாவலுக்கு நாம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியது சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’. பூலின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுத இடமும் பொழுதும் யாருக்கு வாய்க்கிறதோ அவர்கள் கண்ணில் பட்டதே முதலில் உலகத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பங்களாவைக் கலைஞர் இல்லமாக்கினால் லயத்தையும் கூடவே காக்க வேண்டும் என்றால், லயத்தில் பாதுகாக்க என்ன இருக்கிறது, தகரமும் பலகையும்தானே என்பார்கள். கட்டடப் பாதுகாப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே இதற்குப் பதில் தருகிறது. தனிக் கட்டடத்தோடு அதன் சுற்றுப்புறமும், மாபெரும் படைப்புகளோடு காலத்தால் பொருள் பெற்ற எளிய கட்டடங்களும் அதில் அடங்கும். பலகை வீடு நிற்காது என்பதும் சரியல்ல. சிலாங்கூரின் குவாங்கில் கட்டடக்கலைஞர் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரியும் அவர் மனைவியும் நடத்தும் ரிம்புன் டாஹான் கலைஞர் இல்லத்தில், பேராக்கிலிருந்து கொண்டுவந்து திரும்ப எழுப்பிய ஒரு பழைய மலாய் மரவீடு நிற்கிறது. ஒரு கிராமத்து வீட்டுக்கு அந்த மரியாதை கிடைக்குமென்றால் லயத்தின் நான்கு அறைகளுக்கும் கிடைக்கலாம். செலவைப் பற்றிப் பேச அதிகமில்லை. பங்களாவின் மேல்மாடத் தேக்குப் பலகைக்குப் பணம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

இன்னோர் ஆட்சேபத்தை அப்படித் தள்ள முடியாது. லயத்தில் பட்டது போதாதா, அந்த அவமானத்தைக் கண்காட்சியாக்க வேண்டுமா என்று தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களே கேட்கக்கூடும். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த மக்கள் எதைத் தாங்களாகவே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படி வளர்ந்த பள்ளிகளில் பல, ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியான பிறகும் தோட்டத்தின் பெயரை விடவில்லை. லாபு, கெர்பி, செண்டாயான், பிராட்வெல், சுவா பெத்தோங் என்று நெகிரி செம்பிலானின் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே பழைய தோட்ட வரைபடம் கிடைத்துவிடும். தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்க வெளியூரிலிருந்து வந்து சேருகிறார்கள். நினைவை வெறுக்கும் மக்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். அவர்கள் வெறுப்பது, தங்களைக் கேட்காமல் தங்கள் கதையைப் பிறர் சொல்வதைத்தான்.

கலைஞன் எதை எழுத வேண்டும் என்று வீடு கட்டளையிடலாமா என்ற கேள்வியும் வரும். கூடாது. தங்க வருபவர் கடலைப் பற்றி எழுதட்டும், காதலைப் பற்றி எழுதட்டும். வீடு தன் வரலாற்றை மறைக்காமல் இருந்தால் போதும்.

தோட்டக் கம்பெனிகளும், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அதிகாரிகளும், பழைய பங்களாவை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கும் தனியாரும் இதைக் கேட்க வேண்டும். நெகிரி செம்பிலானில் இனி எந்தத் தோட்டத்துப் பங்களா கலைஞர்களுக்காகத் திறக்கப்பட்டாலும், லயத்தின் ஒரு வரிசையையாவது அதே கையோடு காப்பாற்றி நிறுத்துங்கள். பெரட்டுப் புத்தகங்களும் சம்பளப் பட்டியல்களும் கிடைத்தால் எரிக்காமல் அங்கேயே வையுங்கள். முதல் ஆண்டு தங்கவைக்கும் கலைஞர்களில் ஒருவராவது அந்தத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கட்டும். அவருக்குப் பங்களாவின் முன்னறையையே கொடுங்கள்.